கண்ணில் விழுந்த பூவும் லேசர்க் கதிரும்

மும்பை மாநகரின் வடகிழக்கில், காட்கோபருக்கும் காஞ்சூர்மார்க்குக்கும் நடுவே விக்ரோலி என்னும் புறநகர்ப் பகுதி அமைந்துள்ளது. இருப்புப் பாதைக்குக் கிழக்கே தொழிற்சாலைகளும், அவற்றுக்கு அப்பால் தாணே கழியை ஒட்டிய அலையாத்திக் காடும் உள்ளன. மேற்கே குன்றின் சரிவில் வீடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நிற்கின்றன. பிழைப்புத் தேடி மும்பைக்கு வந்து தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் தங்கிய தமிழ்க் குடும்பங்களுள் சில, வேலையைத் தொடர்ந்து இங்கும் வந்து குடியேறின. இத்தகைய தொழிற்பகுதிகளில் கடைசல் வேலை, சாணை பிடித்தல், பற்றவைத்தல் ஆகியவை சிறு பட்டறைகளிலும் அன்றாடம் நடைபெறுவன.

பட்டறை ஒன்றில் ஒருவர் காப்புக் கண்ணாடி அணியாமல் சாணை பிடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஊசி முனையினும் சிறிய இரும்புத் துகள் ஒன்று சூடாகத் தெறித்து அவர் கண்ணில் தைக்கிறது. அருகிலிருக்கும் தோழர் தீக்குச்சியின் முனையாலோ வேட்டித் தலைப்பாலோ அதனை எடுத்துவிடுகிறார். வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலியில்லை. ஆகவே மருத்துவரைப் பார்ப்பது தள்ளிப்போகிறது. துகள் இருந்த இடத்தில் துருவின் வளையம் தங்கிவிடுகிறது. தீக்குச்சியுடன் சென்ற கிருமிகள் அங்கே புண்ணை உண்டாக்குகின்றன. புண் ஒருவாறு ஆறுகிறது. ஆனால் ஆறிய இடம் முன்போல் தெளிவாக இல்லாமல் வெள்ளைத் தழும்பாகிறது. இதனையே நம் நாட்டுப்புறத்தார் 'கண்ணில் பூ விழுந்துவிட்டது' என்பர். அறுவடையில் நெற்றாள் குத்திய உழவருக்கும், முள் கீறிய இடத்தில் காளான் இனக் கிருமி பற்றிய கூலியாளுக்கும் விழுவது இதே பூதான்.

2015 முதல் 2019 வரை நம் நாட்டில் நடத்தப்பெற்ற தேசியப் பார்வையிழப்புக் கணக்கெடுப்பில், 50 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களிடையே பார்வையிழப்புக்கு முதற்காரணமாக இத்தகைய தழும்புகளே காணப்பட்டன; அவற்றின் பங்கு 37.5 விழுக்காடு. முதியோரிடையே கண்புரை முன்னிற்கிறது. உழைக்கும் வயதினரைத் தாக்குவது இந்தப் பூ. இதனை நீக்கிப் பார்வையைத் திருப்பித் தரும் சிகிச்சையில் லேசர்க் கதிருக்கு உள்ள இடம் யாது, இல்லாத இடம் யாது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

பார்வையின் பலகணி

கண்ணின் முன்புறத்தில், கடிகாரத்தின் மேல் பதித்த கண்ணாடியைப் போல் வளைந்து அமைந்திருக்கும் ஒளிபுகும் படலத்திற்குக் கார்னியா என்று பெயர். கண்தான அறிவிப்புக்களில் இது கருவிழி என்று குறிக்கப்படுகிறது. உண்மையில் கார்னியாவுக்கு நிறம் ஏதும் இல்லை. அதன் பின்னாலுள்ள திரையின் கருமையே நமக்குத் தெரிகிறது. இப்படலத்தின் குறுக்களவு 11 முதல் 12 மில்லிமீட்டர். நடுவில் இதன் கனம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். ஒளியை வளைத்து விழித்திரையில் குவிக்கும் வேலையில் மூன்றில் இரண்டு பங்கைச் செய்வது இதுவே. கண்ணின் உள்ளேயிருக்கும் வில்லை எஞ்சிய பங்கைச் செய்கிறது.

அரை மில்லிமீட்டர்க் கனத்திற்குள் பல அடுக்குகள் உள்ளன. மேலே இருப்பது தோலை ஒத்த மெல்லிய செல் அடுக்கு. இது கீறப்பட்டால் சில நாட்களில் தானே வளர்ந்து மூடிக்கொள்ளும். காப்புத் தடுப்பின்றிப் பற்றவைப்போருக்கு இரவில் கண் எரிந்து நீர் கொட்டுவதும், ஓரிரு நாளில் அது தெளிவதும் இவ்வடுக்கின் அனுபவமே. இதன் கீழே, மொத்தக் கனத்தில் ஒன்பது பங்கை அடைத்துக்கொண்டிருப்பது நார்களாலான நடு அடுக்கு. இந்நார்கள் துணியின் இழைகளைப் போல் சீரான இடைவெளியில் அமைந்திருப்பதால்தான் ஒளி சிதறாமல் ஊடுருவுகிறது. காயம் இவ்வடுக்கை எட்டினால், புதிதாக உண்டாகும் நார்கள் அந்த ஒழுங்கைப் பெறுவதில்லை, அங்கே ஒளி சிதறுகிறது, இடம் வெண்மையாகிறது. யாவற்றுக்கும் அடியில், ஒரே ஒரு செல்லின் கனமுள்ள உள்ளடுக்கு உள்ளது. கார்னியாவுக்குள் கசியும் நீரை ஓயாமல் வெளியேற்றும் இறைப்பு யந்திரம் இதுவே. வயது வந்தவர்களிடம் சதுர மில்லிமீட்டருக்கு 2500 முதல் 3000 வரை இத்தகைய செல்கள் உள்ளன. இவை அழிந்தால் மனிதக் கண்ணில் மீண்டும் பெருகுவதில்லை. போதிய செல்கள் இல்லாமற்போனால் படலம் நீர் கோத்து மங்கிவிடும்.

கார்னியாவில் இரத்தக் குழாய்கள் இல்லை. பிறருடைய உறுப்பை உடல் வெளியேற்ற முற்படும் இயல்பு இங்கே குறைந்து காணப்படுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். உறுப்பு மாற்றச் சிகிச்சைகளுள் இதுவே முதலில் வெற்றி பெற்றதற்கும் இதுவே அடிப்படை.

வட்டக் கத்தியின் காலம்

1905-ஆம் ஆண்டு டிசம்பர் 7-ஆம் நாள், இன்றைய செக் நாட்டைச் சேர்ந்த ஓலோமௌட்ஸ் நகரில் எட்வர்ட் சிர்ம் என்னும் மருத்துவர் ஒரு கூலித் தொழிலாளிக்குக் கார்னியா மாற்றினார். அத்தொழிலாளியின் கண்கள் சுண்ணாம்பு பட்டு வெந்தவை. பதினொரு வயதுச் சிறுவன் ஒருவனின் கண், இரும்புத் துண்டு பாய்ந்ததனால் காக்க முடியாமல் எடுக்கப்பட்டிருந்தது. அதிலிருந்து வெட்டிய படலமே தொழிலாளிக்குப் பொருத்தப்பட்டது. ஒரு கண்ணில் அது தெளிவாகவே நிலைத்தது. சுண்ணாம்பும் இரும்பும் என்ற இவ்விரண்டு பகைகளும் ஒரு நூற்றாண்டுக்குப் பின்னும் நம் தொழிற்பகுதிகளில் மாறவில்லை என்பதைக் கவனிக்க.

இறந்தவர்களின் கண்களையும் இதற்குப் பயன்படுத்தலாம் என்பதை ஒடெஸ்ஸா நகரத்து விளாதிமிர் ஃபிலாடவ் 1930-களில் பரவலாக நிலைநாட்டினார். நம் நாட்டில் முதற் கண் வங்கி 1945-இல் சென்னை எழும்பூர் அரசினர் கண் மருத்துவமனையில் டாக்டர் ஆர். ஈ. எஸ். முத்தையாவின் முயற்சியால் தொடங்கப்பெற்றது. 1819-இல் நிறுவப்பட்ட அம்மருத்துவமனை, உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளுள் ஒன்று.

சிர்ம் காலத்திலிருந்து நெடுங்காலம் வெட்டும் கருவி ஒன்றே: வட்டக் கத்தி. பிஸ்கோத்து மாவை வட்ட அச்சால் வெட்டுவதைப் போன்று, கூரிய விளிம்புள்ள குழலை அழுத்திச் சுழற்றி, நோயாளியின் மங்கிய படலத்தில் ஏழரை முதல் எட்டு மில்லிமீட்டர்க் குறுக்களவுள்ள வில்லையை எடுப்பர். தானமாக வந்த படலத்திலும் அவ்வாறே ஒரு வில்லையை வெட்டி, அவ்விடத்தில் வைத்து, தலைமயிரைவிட மெல்லிய நைலான் இழையால் சுற்றிலும் பதினாறு தையல்களிடுவர்.

எளிய வேலை போலத் தோன்றும். ஆயின் கண் மென்மையான உருண்டை. கத்தியை அழுத்தும்போது அது நெளிகிறது. வெட்டு செங்குத்தாக அமையாமல் சாய்கிறது. வட்டம் சற்றே நீள்வட்டமாகிறது. தையல்களுள் ஒன்று இறுகி மற்றொன்று தளர்ந்தால் படலத்தின் வளைவு திசைக்குத் திசை மாறுபடுகிறது. படலம் பளிங்குபோல் தெளிந்திருக்கும்; பார்வையோ கோணலாகவே இருக்கும். சிகிச்சை வெற்றி என்று மருத்துவர் சொல்ல, எழுத்து இரண்டிரண்டாகத் தெரிகிறதே என்று நோயாளி சொல்லும் நிலை இதனால் உண்டாவது. மேலும், செங்குத்தான வெட்டில் இரண்டு விளிம்புகளும் முனையோடு முனை தொட்டுக்கொண்டு நிற்பனவேயன்றி ஒன்றையொன்று தாங்குவதில்லை. இரத்தக் குழாயில்லாத படலம் மெதுவாகவே ஆறும்; ஆகவே தையல்களை ஓராண்டு அல்லது அதற்கு மேலும் விட்டுவைக்க வேண்டியதாகிறது. அக்காலம் முழுவதும், சிறு அடிபட்டாலும் பொருத்து விட்டுவிடக் கூடும். பாரந்தூக்கிப் பிழைப்பவர்க்கு இது பெருந்துன்பம்.

லேசர் தோன்றியது

1960-ஆம் ஆண்டு அமெரிக்காவில் தியோடர் மைமன் கெம்புப் படிகத்திலிருந்து முதல் லேசர்க் கதிரைப் பெற்றார். இந்தியாவும் பிந்திவிடவில்லை. விக்ரோலிக்குத் தெற்கே சில மைல் தொலைவிலுள்ள டிராம்பே அணு ஆராய்ச்சி நிலையத்தில் 1960-களின் இடைப்பகுதியிலேயே குறைகடத்தி லேசர் உருவாக்கப்பட்டது. அதனைக் கொண்டு டிராம்பேயிலிருந்து, கொலாபாவிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்திற்கு ஒளியின் வழியே செய்தி அனுப்பிக் காட்டினர்.

சாதாரண விளக்கின் ஒளி பல நிறங்களும் பல திசைகளும் கலந்த சந்தைக் கூட்டம் போன்றது. லேசர் ஒளியில் ஒரே நிறம். அலைகள் யாவும் ஒரே அடியில் நடை போடுகின்றன. ஆகவே அதனை மிக நுண்ணிய புள்ளியில் குவிக்க முடிகிறது. விழித்திரை நோய்களுக்கு இக்கதிரைப் பயன்படுத்துதல் விரைவில் வழக்கத்துக்கு வந்தது. ஆனால் அங்கே வேண்டப்படுவது சூடு. கதிர் படும் இடம் பொசுங்கி ஒட்டிக்கொள்கிறது. கார்னியாவில் சூடு ஆகாது. பொசுங்கிய கார்னியா மீண்டும் ஒரு பூவே. சூடின்றி வெட்டும் கதிர் கிடைக்கும் வரை கார்னியா மருத்துவர்கள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

வான்கோழி எலும்பில் கிடைத்த விடை

அந்தக் கதிரின் பயனைக் கண்டறிந்தவர்களுள் ஒருவர் சென்னைப் பல்கலைக் கழகத்தில் பயின்ற விஞ்ஞானி. ரங்கசுவாமி சீனிவாசன் என்னும் அவர், அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆராய்ச்சிக் கூடத்தில் ஜேம்ஸ் வின், சாமுவேல் பிளம் ஆகியோருடன் பணியாற்றினார். கண்ணுக்குப் புலப்படாத புறஊதாக் கதிரை வெளியிடும் எக்சைமர் என்னும் லேசர், பிளாஸ்டிக்கைச் சூடின்றிச் செதுக்குவதை அவர் ஆராய்ந்துவந்தார். 1981 நவம்பரில் அந்நாட்டு நன்றி நவிலும் திருநாளுக்கு மறுநாள், விருந்தில் மீந்த வான்கோழியின் எலும்பையும் குருத்தையும் ஆராய்ச்சிக் கூடத்துக்குக் கொண்டுவந்து அக்கதிரைச் செலுத்திப் பார்த்தார். கதிர் பட்ட இடத்தில் கூர்மையான பள்ளம் விழுந்தது. சுற்றிலும் கருகிய சுவடே இல்லை.

காரணம் இது. அக்கதிரின் அலைநீளம் ஒரு மீட்டரின் நூறு கோடியில் 193 பங்கு. அத்தனை குறுகிய அலையின் ஒவ்வோர் ஒளித்துகளுக்கும் உள்ள ஆற்றல், உயிர்ப்பொருளின் மூலக்கூறுகளைக் கட்டிவைத்திருக்கும் பிணைப்பை நேரே அறுத்துவிடப் போதுமானது. அறுபட்ட துணுக்குகள் ஆவியாகப் பறந்துவிடுகின்றன. சூடும் அவற்றுடன் போய்விடுகிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் ஏறத்தாழ கால் மைக்ரான் கனமே நீங்கும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 1983-இல் ஸ்டீபன் டிரோக்கல் என்னும் கண் மருத்துவர் சீனிவாசனுடன் சேர்ந்து மாட்டுக் கண்ணின் கார்னியாவில் இதனைச் சோதித்து வெளியிட்டார். மூக்குக் கண்ணாடியைத் தவிர்ப்பதற்காக இன்று செய்யப்படும் லேசர்ச் சிகிச்சைகள் பல இதிலிருந்து கிளைத்தவையே.

நம் பட்டறைத் தொழிலாளிக்கு இதனால் என்ன பயன்? அவருடைய தழும்பு மேற்புறத்தில் நூறு மைக்ரான் ஆழத்திற்குள் நின்றுவிட்டதாயின், எக்சைமர்க் கதிரின் ஏறத்தாழ நானூறு துடிப்புக்களால் அதனைச் செதுக்கி நீக்கிவிட முயலலாம். அவருக்குப் பிறர் கண்ணே தேவைப்படாமற் போகக்கூடும். லேசர் செய்யும் உதவிகளுள் மிகச் சிறந்தது இதுவே என்று கூறத் தோன்றுகிறது: மாற்றுச் சிகிச்சையையே வேண்டாததாக்குதல். ஜெர்மனியில் எர்லாங்கன் நகர மருத்துவர்கள் 1989 முதல் இதே கதிரைக் கொண்டு மாற்றுச் சிகிச்சைக்கான வில்லையையும் வெட்டி வந்துள்ளனர். கத்தி கண்ணைத் தொடாததால் அங்கே நெளிவு இல்லை.

கண்ணிமைப்பினும் சிறிய துடிப்பு

எக்சைமர்க் கதிர் மேலிருந்து கீழாகத்தான் செதுக்கும். படலத்தின் மேற்பரப்பைத் தொடாமல் அதன் நடுவிலே மட்டும் வெட்டும் கதிரும் பின்னர்க் கிடைத்தது. அதுவே ஃபெம்டோசெகண்டு லேசர்.

ஒரு ஃபெம்டோசெகண்டு என்பது ஒரு செகண்டை ஆயிரம் கோடிப் பங்காக்கி, அதில் ஒரு பங்கை மீண்டும் ஒரு லட்சம் பங்காக்கினால் வருவது. ஒரு செகண்டுக்கு மூன்று கோடி ஆண்டு எப்படியோ, ஏறக்குறைய அப்படி ஒரு ஃபெம்டோசெகண்டுக்கு ஒரு செகண்டு. கண் சிகிச்சையில் பயன்படும் துடிப்பு ஒன்று சுமார் ஐந்நூறு ஃபெம்டோசெகண்டு நீடிக்கிறது. செகண்டுக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் பாயும் ஒளி, அந்நேரத்தில் 0.15 மில்லிமீட்டர் தூரமே நகர்கிறது.

துடிப்பின் ஆற்றல் ஒரு மைக்ரோஜூல் அளவு. ஒரு துளி நீரின் வெப்பநிலையை ஒரு பாகை உயர்த்த இத்தகைய துடிப்புக்கள் இரண்டு லட்சம் வேண்டும். ஆயினும் அச்சிற்றாற்றல் அத்தனை குறுகிய நேரத்தில் வெளிப்படுவதால், அக்கணத்தில் அதன் வலிமை இருபது லட்சம் வாட் ஆகிறது. இதனைச் சில மைக்ரான் அகலமுள்ள புள்ளியில் குவித்தால், அப்புள்ளியிலுள்ள அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிய்த்தெறியப்படுகின்றன. அங்கே ஒரு நுண்குமிழி தோன்றி இழைகளைப் பிரிக்கிறது. கதிர் அகச்சிவப்பு வகையைச் சேர்ந்தது. தெளிந்த கார்னியாவை அது தடையின்றி ஊடுருவும். ஆகவே குவியாத இடத்தில் ஒன்றும் நேர்வதில்லை. சூடு பரவுவதற்கு முன்பே துடிப்பு முடிந்துவிடுகிறது.

இவ்வாறு ஒரு செகண்டில் பல்லாயிரம் குமிழிகளை வரிசையாக அடுக்கினால் அவ்வரிசையே வெட்டாகிறது. அஞ்சல்தலைத் தாளில் துளைகளை வரிசையாக இட்டு, பின்னர்க் கிழிக்கிறோமல்லவா, அதைப் போன்றது. வெட்டு எப்பொழுதும் ஆழத்தில் தொடங்கி மேல்நோக்கி வரும். மேலே முதலில் வெட்டினால் அங்குள்ள குமிழிகளே பின்வரும் கதிரை மறைத்துவிடும்.

இத்தனை குறுகிய துடிப்பை வலிமையுடன் பெருக்கும் முறையை 1985-இல் டோனா ஸ்ட்ரிக்லண்டும் ஜெரார்ட் மூரூவும் கண்டனர்; 2018-இல் இதற்காகவே நோபெல் பரிசில் பங்கு பெற்றனர். அது கண்ணுக்கு வந்த வழி வேடிக்கையானது. 1990-களின் தொடக்கத்தில் மிச்சிகன் பல்கலைக் கழக ஆராய்ச்சிக் கூடத்தில் மாணவர் ஒருவரின் கண்ணில் தற்செயலாக இக்கதிர் பட்டது. அவரைச் சோதித்த இளம் மருத்துவர் ரான் கர்ட்ஸ், விழித்திரையில் விழுந்திருந்த சுவட்டின் சீரான வடிவைக் கண்டு வியந்தார். காயப்படுத்திய கதிரே கத்தியாகலாம் என்ற எண்ணம் அவருக்கும் டைபர் யூஹாஸ் என்னும் விஞ்ஞானிக்கும் உதித்தது. 2000-ஆம் ஆண்டை ஒட்டி இக்கதிர் முதலில் மூக்குக் கண்ணாடியைத் தவிர்க்கும் சிகிச்சையிலும், சில ஆண்டுகளில் கார்னியா மாற்றத்திலும் இடம் பெற்றது.

தச்சரின் பொருத்து

வட்டக் கத்தியால் நேர்வெட்டு ஒன்றே இயலும். கதிருக்கு அக்கட்டுப்பாடு இல்லை. தச்சர் இரண்டு பலகைகளை முனையோடு முனை சேர்த்து விட்டுவிடுவதில்லை; ஒன்றில் படி வெட்டி, மற்றொன்றை அதன்மேல் அமர்த்துவார். கார்னியாவிலும் இன்று அவ்வாறே செய்யலாம்.

உட்புறம் அகன்று மேற்புறம் குறுகிய வில்லை ஒரு வகை. தொப்பியைக் கவிழாமல் நிமிர்த்தி வைத்தாற்போல் இருப்பதால் அதற்குத் தொப்பி வடிவம் என்று பெயர். கண்ணின் உள்ளழுத்தம் அதன் விளிம்பை மேல்நோக்கித் தள்ள, பொருத்து தானே இறுகிக்கொள்கிறது. உள்ளடுக்கின் செல்கள் குறைந்தவர்களுக்கு இது ஏற்றது. அகன்ற அடிப்புறம் கூடுதலான செல்களைக் கொண்டுவருகிறது. மேற்புறம் அகன்று உட்புறம் குறுகிய காளான் வடிவம் மற்றொரு வகை. நோயாளியின் உள்ளடுக்கு நன்றாகவே இருந்தால், அதனை இயன்ற மட்டும் விட்டுவைக்க இது உதவும். வெட்டு கோணல்மாணலாக மடங்கிச் செல்லும் மூன்றாவது வடிவமும் உண்டு. தானப் படலத்தையும் நோயாளியின் படலத்தையும் ஒரே கணக்கின்படி யந்திரம் வெட்டுவதால், சாவியும் பூட்டும் போல் இரண்டும் பொருந்துகின்றன. தொடும் பரப்பு மிகுதியாதலால் விரைவில் ஆறுகிறது. தையல்களைச் சில மாதங்கள் முன்னதாகவே எடுக்க முடிகிறது.

சிகிச்சை நாளன்று நோயாளி முதலில் லேசர் அறையில் படுக்கவைக்கப்படுகிறார். உறிஞ்சு வளையம் ஒன்று கண்ணை அசையாமல் பற்ற, சமதளக் கண்ணாடி ஒன்று கார்னியாவின் மேல் அமர்கிறது. கதிர் தன் வேலையை ஒரு நிமிஷத்துக்குள்ளாகவோ சற்றுக் கூடுதலாகவோ முடித்துவிடும். ஆனால் வெட்டு முழுதும் நிறைவேறுவதில்லை. வேண்டுமென்றே ஐம்பது அறுபது மைக்ரான் கனத்தை வெட்டாமல் விடுவர். நோயாளியை அங்கிருந்து அறுவை அறைக்குக் கொண்டுசெல்லும்போது கண் திறந்துகொள்ளலாகாது அன்றோ! அறுவை அறையில் மருத்துவர் நுண்ணோக்கியின் கீழ் அந்தக் கடைசிப் பிணைப்பைக் கையால் பிரித்து, வில்லையை எடுத்து, புதியதை வைத்துத் தைக்கிறார். தையல் போடுவது இன்னமும் மனிதக் கைதான்.

கதிர் செய்யாதவை

இதுகாறும் கூறியவற்றால் லேசர் வந்தபின் கத்தி ஒழிந்தது என்று வாசகர்கள் எண்ணிவிடலாகாது. முதல் சில மாதங்களில் கோணல் பார்வை குறைவதும், பொருத்து வலுவாக இருப்பதும் உண்மை. ஆனால் தையல்கள் யாவும் எடுக்கப்பட்டு நெடுநாள் சென்றபின் ஒப்பிட்டால், கத்தியால் செய்ததற்கும் கதிரால் செய்ததற்கும் இடையே வேறுபாடு சுருங்கிவிடுவதாகவே பல ஆய்வுகள் காட்டுகின்றன. உடல் பிறர் படலத்தை வெளியேற்ற முற்படுவதையும் லேசர் தடுக்காது. கண் சிவந்தாலோ வலித்தாலோ பார்வை மங்கினாலோ உடனே மருத்துவரிடம் ஓடவேண்டும் என்ற விதி இரு சாராருக்கும் ஒன்றே.

அடர்ந்த வெண்தழும்பில் அகச்சிவப்புக் கதிரும் சிதறும். மிகவும் தேவைப்படும் இடத்திலேயே வெட்டு அரைகுறையாக நின்றுபோகலாம். புண் துளைத்துவிட்ட கண்ணில் உறிஞ்சு வளையத்தை வைக்கவே இயலாது. யந்திரத்தின் விலையோ மிகப் பெரிது. ஒவ்வொரு கண்ணுக்கும் புதிதாக மாற்றவேண்டிய உறுப்புக்களுக்கும் செலவு உண்டு. ஏழை நோயாளியின் ஒரு கண்ணுக்கு லேசர் வெட்டுக்காகச் செலவிடும் பணத்தைப் பின்னாளைய மருந்துக்கும் பிரயாணத்துக்கும் ஒதுக்கினால் கூடுதலான நன்மை விளையும் சந்தர்ப்பங்கள் பல உண்டு என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து.

மற்றொரு மாறுதலும் நிகழ்ந்துள்ளது. முழுக் கனத்தையும் மாற்றுவதற்குப் பதிலாக, கெட்ட அடுக்கை மட்டும் மாற்றும் வழக்கம் பரவி வருகிறது. உள்ளடுக்கு மட்டும் கெட்டிருந்தால், நெதர்லாந்து மருத்துவர் கெரிட் மெல்லஸ் வகுத்த முறைப்படி, வெங்காயச் சருகினும் மெல்லிய படலத்தைச் சிறு துளை வழியே உள்ளே செலுத்திக் காற்றுக் குமிழியால் ஒட்டவைக்கின்றனர். அமெரிக்காவில் 2010-களின் தொடக்கத்திலிருந்தே முழுக்கன மாற்றத்தைவிட இதுவே மிகுதியாகச் செய்யப்படுகிறது. இதற்கான அடுக்கை ஃபெம்டோசெகண்டுக் கதிரால் சீவியபோது பரப்பு சற்றுச் சொரசொரப்பாக அமைந்து பார்வை குறைந்தது. இங்கே லேசருக்குப் பெரிய வேலை இல்லை.

சுண்ணாம்பைப் பற்றித் தனியே கூறவேண்டும். புகையிலையுடன் கலப்பதற்கான சுண்ணாம்பு சிறு பொட்டலங்களிலும் குப்பிகளிலும் பெட்டிக்கடைதோறும் தொங்குகிறது. குழந்தைகள் விளையாட்டாக அதனை அழுத்தும்போது வெடித்துக் கண்ணில் தெறிக்கிறது. சுண்ணாம்பு கார்னியாவை மட்டும் சுடுவதில்லை. கருமையும் வெண்மையும் சந்திக்கும் ஓரத்தில், மேலடுக்கைப் புதுப்பிக்கும் மூலச் செல்கள் உள்ளனவே, அவற்றையும் அழிக்கிறது. மூலச் செல் இல்லாத கண்ணில் எத்தனை அழகாகக் கதிரால் வெட்டிப் பொருத்தினாலும் புதிய படலம் தங்காது. முதலில் மறு கண்ணின் ஓரத்திலிருந்து துளி அளவு திசுவை எடுத்துச் சிறு துண்டுகளாக்கி, கெட்ட கண்ணில் விதைப்பது போல் பரப்பி வளர்க்கவேண்டும். ஹைதராபாத் எல். வி. பிரசாத் கண் நிறுவனத்தில் டாக்டர் வீரேந்தர் சங்வானும் அவர்தம் குழுவினரும் 2012-இல் வெளியிட்ட எளிய முறை இது. சுண்ணாம்பு பட்டவுடன் செய்யவேண்டியது ஒன்றே. கையில் கிடைக்கும் நல்ல நீரைக் கொண்டு, இமையைப் பிரித்துப் பிடித்து, அரை மணி நேரம் கண்ணைக் கழுவவேண்டும். கழுவிய பிறகே வண்டி தேடவேண்டும். தாய்ப்பால், எண்ணெய் முதலியன விடலாகாது.

சென்னையில் ஒரு புதுமுறை

கார்னியா மெலிந்து கூம்பாகப் பிதுங்கும் நோய் இளம் வயதினரைப் பிடிப்பது. முற்றினால் மாற்றுச் சிகிச்சையே கதியாக இருந்தது. படலத்தின் நடுக்கனத்தில் பிளாஸ்டிக் வளையத் துண்டுகளைச் செருகி வடிவத்தைத் திருத்தும் முறை பின்னர் வந்தது. அவை சில கண்களில் படலத்தை அரித்துக்கொண்டு வெளிவந்துவிட்டன. சென்னை டாக்டர் அகர்வால் கண் மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் சூசன் ஜேக்கப், பிளாஸ்டிக்கிற்குப் பதில் தானமாக வந்த கார்னியாவிலிருந்தே வளையத் துண்டுகளை வெட்டிச் செருகும் முறையை 2018-இல் வெளியிட்டார். துண்டு செல்லும் வட்டச் சுரங்கத்தைப் படலத்தின் நடுவே தோண்டுவது ஃபெம்டோசெகண்டுக் கதிர். மேற்பரப்பைத் திறக்காமல் உள்ளே மட்டும் வெட்டும் அதன் தனித்திறம் இங்கேதான் முழுப் பயனைத் தருகிறது. உள்ளடுக்கின் செல்கள் குறைந்து, முழு மாற்றத்துக்கு உதவாது என்று ஒதுக்கப்படும் தானக் கண்களும் இதற்குப் பயன்படும் என்பது மற்றொரு சிறப்பு.

படலம் வரும் வழி

கதிர் எதுவாயினும், வெட்டுவதற்கு ஒரு படலம் வேண்டும். அது ஒருவர் இறந்த வீட்டிலிருந்தோ மருத்துவமனையிலிருந்தோ வருவது. பிரிட்டனில் 1952-இலும், பம்பாய் மாநிலத்தில் 1957-இலும் கார்னியா மாற்றத்துக்கெனத் தனிச் சட்டங்கள் இயற்றப்பட்டன. பின்னர் 1994-இல் நிறைவேறிய மத்தியச் சட்டம் எல்லா உறுப்புக்களையும் உள்ளடக்கியது. எடுக்கப்பட்ட கார்னியாவைக் காக்கும் திரவங்களை மதுரையிலுள்ள ஆரோலாப் நிறுவனம் தயாரிக்கிறது. அவற்றுள் ஒன்று பதினான்கு நாள் வரை காக்கவல்லது. ஆகவே ஓர் ஊரில் எடுத்த படலம் மற்றோர் ஊரிலுள்ள நோயாளிக்குப் போய்ச்சேர நேரம் உண்டு.

இறந்தபின் ஆறு மணி நேரத்துக்குள் கண்கள் எடுக்கப்படவேண்டும். கண் வங்கியினர் வீட்டுக்கே வருவர்; இருபது நிமிஷ வேலை; முகத்தில் விகாரம் ஏதும் தெரியாது. அவர்கள் வரும் வரையில் மின்விசிறியை நிறுத்திவிட்டு, இமைகளை மூடி, அவற்றின்மேல் ஈரப் பஞ்சை வைத்து, தலையைத் தலையணையால் சற்று உயர்த்தி வைக்கவேண்டும். மூக்குக் கண்ணாடி அணிந்தவர், நீரிழிவு நோயாளி, கண்புரைச் சிகிச்சை செய்துகொண்டவர் ஆகியோரின் கண்களும் ஏற்கப்படும். வெறிநாய்க்கடி, எய்ட்ஸ், கல்லீரலைத் தாக்கும் தொற்றுநோய் முதலியவற்றால் இறந்தவரின் கண்கள் ஏற்கப்படுவதில்லை. இறந்தவர் உயிருடனிருக்கும்போது உறுதிமொழிப் படிவம் எழுதிக் கொடுக்காவிடினும், அருகிலுள்ள உறவினர் இசைவளித்தால் போதும்.